மாடி நடை

மார்ச் 22, ஞாயிறு

கல்லூரி மைதானத்தின் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். இன்று கொரோனா ஊரடங்கு என்று தெரிந்தும் கால் தானாகக் கிளம்பிப் போய்விட்டது. லூர்து டீச்சரும் வந்திருந்தார். எதிர் வீடுதான்; மூன்று வருஷமாக இரண்டு பேரும் அங்கேதான் காலையில் நடக்கிறோம். "நடக்கறதுக்குமா தடை, சம்பூர்ணக்கா?" என்றார். வாட்ச்மேன் கம்பை ஆட்டி விரட்டினான், மாட்டை விரட்டுகிற மாதிரி. எனக்குச் சர்க்கரை. நடக்காவிட்டால் ஏறிவிடும். நடந்ததை எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த டைரியே. எழுத உட்கார்ந்தால் மற்றதும் சேர்ந்து வந்துவிடுகிறது.

மகன் யுகேந்திரன் வீட்டில் இருக்கிறான். அவன் பயிற்சி கொடுக்கிற ஜிம்மைப் போன வாரமே மூடச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் மாநில ஆணழகன் போட்டி. அதற்காகப் பல மாதமாக உப்பு, எண்ணெய் எல்லாம் ஒதுக்கி உடம்பைச் செதுக்கி வைத்திருந்தான். போட்டி ரத்து என்று நேற்று செய்தி வந்தது. கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் ரொம்ப நேரம் நின்றான்.

சாயங்காலம் டாக்டர், நர்சுகளுக்காகத் தெருவில் எல்லோரும் கை தட்டினார்கள். மருமகள் வினோதினி தட்டும் கரண்டியும் எடுத்து வந்து சிரித்துக்கொண்டே தட்டினாள். யுகேந்திரன் அதைப் பிடுங்கித் தட்ட ஆரம்பித்தான். தெரு ஓய்ந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. எவர்சில்வர் தட்டு ஒரு பக்கம் மடங்கிப்போயிற்று. "எம் பையனுக்கு அவ்வளவு பலம்" என்று டீச்சரிடம் சொன்னேன்.

மார்ச் 25, புதன்

இன்றுமுதல் மொட்டை மாடியில் நடை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தால் ஒரு சுற்று. நாலு சுற்றில் தலை கிறுகிறுக்கிறது, திரும்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சரியாகிறது. டீச்சரும் அவர் வீட்டு மாடியில் நடக்கிறார். நடுவில் தெரு. கத்திக் கத்திப் பேசிக்கொண்டோம்.

கீழே யுகேந்திரன் காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பயிற்சி செய்கிறான். தண்டால் எடுக்கும்போது வினோதினியை முதுகில் உட்காரச் சொன்னான். அவள் விழுந்துவிடுவேன் என்று அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இவ்வளவு நேரம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 28, சனி

வெளியே போகாதே என்றேன். கேட்கவில்லை. "ஓடலீன்னா உடம்பு கரைஞ்சு போயிரும்மா" என்று விடியும்போதே கிளம்பிப் போனான்.

ஏரிக்கரை முக்கில் போலீஸ் பிடித்துவிட்டது. பத்துப் பேரோடு நிற்க வைத்துத் தோப்புக்கரணம் போடச் சொல்லியிருக்கிறார்கள். இவன் "நான் ஆணழகன் பட்டம் வாங்குனவன், சார்" என்றானாம். "அப்ப நீ ரெட்டிப்பாப் போடு" என்றாராம் ஒருத்தர். வேகம் குறைந்தபோதெல்லாம் லத்தி தொடையில் விழுந்திருக்கிறது. இதை எதையும் அவன் சொல்லவில்லை. யாரோ செல்போனில் எடுத்து அனுப்பி, மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அந்த வீடியோ சுற்றிவிட்டது. வினோதினியின் சித்தி கோபியிலிருந்து அவளுக்கே அனுப்பியிருக்கிறாள். காதைப் பிடித்துக்கொண்டு என் பையன் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறான். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

தொடையில் குறுக்காக நாலு வரி, கத்தரிக்காய் நிறத்தில். ஒத்தடம் கொடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

மார்ச் 29, ஞாயிறு

தோசை. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

வினோதினிக்கும் பயிற்சி ஆரம்பித்திருக்கிறான். "சும்மா உக்காந்து உக்காந்து சதை போட்டிருச்சு. ரெண்டு மாசத்துல இவளை ஆளாக்கறேன் பாரு" என்றான். கூடத்து நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்து எழும் பயிற்சி. ஸ்குவாட் என்கிறான். அவள் முதலில் சிரித்தாள். பிறகு "போதுங்க" என்றாள். பிறகு அவன் எண்ணுகிற சத்தம் மட்டும்தான்.

நல்லதுதான். இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பில் தெம்பே இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வினோதினியால் குளியலறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். புதிதாக ஆரம்பித்தால் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும், நானும் மைதானத்தில் முதல் வாரம் பட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "அது வேறங்க அத்தை" என்றாள்.

ஏப்ரல் 4, சனி

மாடியில் நடக்கும்போது இனிமேல் காதில் பாட்டு மாட்டிக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். யுகேந்திரனே போனில் ஏற்றிக் கொடுத்தான். நேரம் போவது தெரியவில்லை.

டீச்சர் அவர் மாடியிலிருந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். காதிலிருந்து எடுத்தேன்.

"கீழ என்னங்க்கா சத்தம்?"

"டம்பெல் விழுந்திருக்கும் டீச்சர்."

"யாரோ கத்துன மாதிரி இருந்துச்சு."

"எம் பையன் சத்தம் போட்டு எண்ணுவான்."

நான் பாட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

விளக்கேற்றச் சொன்னார்கள். நானும் யுகேந்திரனும் வாசலில் அகல் வைத்தோம். வினோதினி வெளியே வரவில்லை. பீரோக் கதவு இடித்துவிட்டதாம், கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. அந்தக் கதவு எனக்கும் அடிக்கடி இடிக்கும். கீலை மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 11, சனி

வீட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் பயிற்சிதான். குழம்பில் எண்ணெய் தெரிந்தால் ஸ்குவாட். அம்மா வீட்டோடு அதிகம் பேசினால் ஸ்குவாட். கூப்பிட்டு உடனே வராவிட்டால் கையில் பளு தூக்குகிற இரும்புத் தட்டோடு. அவன் சோபாவில் உட்கார்ந்துகொண்டு எண்ணுகிறான். பாதியில் நின்றால் முதலிலிருந்து.

இன்று அவள் கூடத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாள். நான் துடைத்தேன். எலுமிச்சம்பழத்தில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கண்ணு" என்று அவனிடம் சொன்னேன்.

"அம்மா, இது ட்ரெய்னிங். உனக்குப் புரியாது. நீ உன் வாக்கிங்கைப் பாரு."

அவனுடைய அப்பா போனபோது ஒன்பதாவது படித்தான். இழவு வீட்டில் அழவே இல்லை, கொல்லையில் செங்கல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையும் பூட்டி வைத்தால் என்ன செய்வான்? எல்லாம் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் பிறப்பு. ஊரடங்கை மே வரை நீட்டிவிட்டார்கள்.

காலையில் வேப்பம்பூ வறுக்கும்போது வினோதினி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அத்தை, கோபிக்குப் போக பாஸ் வாங்கித் தர்றீங்களா? எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லீன்னு எழுதிக் குடுத்தாத் தர்றாங்களாம். அவருகிட்டச் சொல்லாதீங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன்." பிடித்தும் விட்டாள். விரல் எல்லாம் ஜில்லென்று இருந்தது.

வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் மருமகளை அனுப்புவது எப்படி? பக்குவமாகச் சொன்னால் அவனே கொண்டுபோய் விடுவான் என்று நினைத்தேன். பாயசம் சாப்பிடும்போது, "அவளுக்கு ஊர் ஞாபகமா இருக்குது கண்ணு, பாஸ் கேட்டா என்ன?" என்றேன். அவன் பாயசத்தைக் குடித்து முடித்தான். டம்ளரைத் தானே கழுவி வைத்தான். பிறகு அவளைப் பார்த்து "வா" என்றான்.

மத்தியானமும் நடந்தேன். வெயிலில் நடந்தால் எலும்புக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன். செருப்பைக் கீழே விட்டுவிட்டேன். எடுக்க இறங்கவில்லை. தளம் தோசைக்கல்லாகக் கொதித்தது. பாட்டுச் சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்தேன்.

ஏப்ரல் 15, புதன்

இரண்டு பாதத்திலும் கொப்புளம். நடை இல்லை.

வினோதினி வந்து காலடியில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவினாள். இடது கையால் தடவினாள். வலது கை மடியில் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. வலிக்காமல், ரொம்ப மெதுவாகத் தடவினாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

வினோதினியின் போன் உடைந்துவிட்டது. சுவரில் பட்ட இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

கொப்புளம் ஆறியதும் மேலே போனேன். டீச்சர் எனக்காகவே காத்திருந்த மாதிரி கைப்பிடிச் சுவரோரம் நின்றார். இந்தத் தடவை கத்தவில்லை. போனில் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினோம்.

"நான் போலீசுக்குச் சொல்லட்டுமாக்கா? பொம்பளைங்களுக்குன்னு நம்பர் குடுத்திருக்காங்க."

"எதுக்கு?"

"அந்தப் புள்ள செத்துப் போயிரும்."

"எங்க வீட்டு விஷயம் டீச்சர். புருஷன் பொஞ்சாதி நடுவுல ஆயிரம் இருக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?"

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதை நினைத்துத்தான் சொன்னேன். அவருக்கும் புரிந்தது. போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ வீட்டுச் சண்டை இந்தக் காதில் விழுந்திருக்கிறது. லைனைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் வேலை.

ஏப்ரல் 23, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் திடீரென்று கோடை மழை. ஆலங்கட்டியோடு. மாடிக்குப் போக முடியவில்லை. அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். காதில் மாட்டிக்கொள்ள போனைத் தேடினேன். அது கூடத்து மேசைமேல் இருந்தது. எடுக்கப் போனேன். பார்த்துவிட்டேன்.

வினோதினி முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையில் நின்றாள். நெஞ்சோடு பெரிய இரும்புத் தட்டை அணைத்திருந்தாள். முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. நைட்டி வியர்வையில் ஒட்டியிருந்தது, தொடைப் பக்கம் வேறு ஈரமும் இருந்தது. அவன் பளு தூக்கும்போது இடுப்பில் கட்டுகிற தோல் பெல்ட்டைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். அவள் கொஞ்சம் இறங்கினாள். பெல்ட் முதுகில் விழுந்தது. அவள் கத்தவில்லை. காற்று மட்டும் வெளியே வந்தது. கொஞ்சம் ஏறினாள். "இன்னும் கீழ" என்று மறுபடியும் விழுந்தது.

"போதும் சாமி" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். கோபமே இல்லாத முகம். "நீ மேல போய் நட" என்றான்.

"மழை பேயுது."

கடவுளே, அதைத்தான் சொன்னேன். மழை பெய்கிறது என்று சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கை நழுவியிருக்க வேண்டும், தட்டு சரிந்து அவன் கால் பக்கம் உருண்டது. "என் காலை உடைக்கப் பாக்கறியா?" என்றான். முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான். முகம் தரையில் மோதி விழுந்தாள். அவன் தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். நான் சோறு ஊட்டி வளர்த்த தோள். கல்லாக இருந்தது. ஒரே உதறல். முதுகு பிரிட்ஜில் மோதி நான் விழுவதற்குள் தட்டு இறங்கிவிட்டது. அவள் வலது பாதத்தில். முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அப்போதுதான் அவள் கத்தினாள்.

மழையில் யாருக்குக் கேட்டிருக்கும்?

அவளைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான். எனக்குக் கை கொடுத்து எழுப்பிவிட்டான். "அடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டான். தைலம் எடுத்து வந்து முதுகில் தேய்த்தும் விட்டான்.

ஏப்ரல் 24, வெள்ளி

"சர்க்கரை மாத்திரை தீந்துருச்சு, மருந்துக் கடைக்குப் போறேன்" என்றேன்.

"மாஸ்க்கைப் போட்டுட்டுப் போம்மா. எதையும் தொடாதே."

தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தெருவில் கால் வைக்கிறேன். மருந்துக் கடையைத் தாண்டினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினேன். முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை, குனிந்தே நடந்தேன். தடுப்பு வைத்த இடத்தில் ஒரு இளம் போலீஸ்காரர், "எங்க போறே?" என்றார். நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன் என்று பயம். "வாக்கிங்கா? இந்த வயசுல சாவப் போறியா?" பின்னங்காலில் லத்தி விழுந்தது. ஓங்கி இல்லை, ஆனாலும் கண் இருட்டியது. இன்னொன்றும் விழுந்தது.

"அடிங்க. அடிச்சிட்டு எம் பையனைப் பிடிக்க வாங்க" என்றேன்.

அவர் கம்பை இறக்கிவிட்டார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரு பெண். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவே இல்லை. ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

யுகேந்திரன் கதவைத் திறந்து, "வாங்க மேடம்" என்றான். ரொம்ப மரியாதையாக. ஜீப்பில் நான் இருப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஓடி வந்தவனை வாசலிலேயே மடக்கினார்கள். ஒரு போலீஸ்காரரைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். அவருக்கு மூக்கில் ரத்தம். பிறகு நாலு பேர் லத்தியோடு சுற்றிக்கொண்டார்கள். தொடையில், முட்டியில், முதுகில். என் பிள்ளை மண்டி போட்டுத் தலையைக் கையால் மூடிக்கொண்டான்.

"அடிக்காதீங்க! எம் பையனை அடிக்காதீங்க!" என்று கத்தினேன். இத்தனை சத்தம் எனக்குள் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. தெரு முழுக்க ஜன்னல் திறந்தது.

எஸ்.ஐ. அம்மா அதற்குள் வினோதினியைத் தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்திருந்தார். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, வீங்கி மூடிய ஒரு கண்ணோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை இல்லை. என்னை.

ஏப்ரல் 27, திங்கள்

ஆஸ்பத்திரி. கூட இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி. லூர்து டீச்சர்தான் மூன்று நாளாகக் கூட இருக்கிறார். இன்று என்னை உள்ளே விட்டார்கள். பாதத்தில் மூன்று எலும்பு உடைந்திருக்கிறது. தோள்பட்டை விலகிப் பத்துப் பன்னிரண்டு நாளாகிறதாம். சிறுநீர் பழுப்பாகப் போகிறது. தசை நைந்துபோனால் அப்படித்தான், கிட்னியைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அத்தனை பேரை நிறுத்தி உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவன் அவன். இது தெரியாமலா செய்திருப்பான்?

ஹார்லிக்ஸ் கொண்டுபோயிருந்தேன். ஆற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

"அத்தை."

"சொல்லு சாமி."

"நீங்க மேல நடக்கறது எனக்குக் கீழ கேக்கும்."

டம்ளரை வாங்கி வைத்தேன்.

"அடி விழறப்ப வேகமா நடப்பீங்க. அவரு நிறுத்துனா நீங்களும் மெதுவாயிருவீங்க. மொத நாளு, இறங்கி வர்றீங்கன்னு நெனச்சேன். படிக்கட்டுப் பக்கம் வந்து திரும்பிப் போனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கொடியில் துணி காய்கிறது என்கிற மாதிரி சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 4, திங்கள்

வினோதினியின் அப்பா பாஸ் வாங்கிக்கொண்டு கார் எடுத்து வந்தார். அவளுடைய துணிமணி, நகை எல்லாம் நானே எடுத்து வைத்தேன். அவர் எல்லாவற்றையும் காரில் ஏற்றினார். அவள் காரிலிருந்து இறங்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கால் சீட்டில் நீண்டிருந்தது. "போயிட்டு வா கண்ணு" என்று ஜன்னலில் குனிந்தேன். "போறேங்க" என்றாள்.

மே 16, சனி

யுகேந்திரனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. மாமா வீட்டில்தான் தங்க வேண்டும், இங்கே வரக்கூடாது என்று நிபந்தனை. மத்தியானம் வந்து நின்றான். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. சோறு போட்டேன். இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்தான். "வக்கீல் சொல்றாரு, உன் சாட்சி ஒண்ணுதான் இடிக்குது. வயசானவ, பதட்டத்துல சொல்லிட்டேன், அவளாத்தான் கால் மேல தட்டைப் போட்டுக்கிட்டான்னு சொல்லிரும்மா."

"அவளாப் போட்டுக்கலியே கண்ணு."

"நீ எங்க பாத்தே? நீதான் எப்பவும் மேல இருந்தியே."

"அன்னைக்குப் பாத்தேன்."

"அம்மா..."

"மத்த நாள் எல்லாம் கேட்டேன். அதையும் சொல்லுவேன்."

அறை இடது காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அடுத்ததில் வாயில் உப்புக் கரித்தது. மாடிப்படி பக்கத்தில்தான் இருந்தது. ஏறவில்லை. வாசலைப் பார்த்து, "லூர்து டீச்சர்! எம் பையன் என்னை அடிக்கிறான்!" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் காதில் போனோடு வெளியே வந்து நடுத்தெருவில் நின்றுகொண்டு வீட்டு நம்பரைச் சொன்னார். யுகேந்திரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒன்பதாவது படிக்கும்போது இருந்த அதே முகம். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

மே 17, ஞாயிறு

இடது காதில் இரைச்சல். அவனைப் பிடித்துவிட்டார்கள், ஜாமீன் ரத்தாகுமாம். வினோதினிக்குப் போன் செய்தேன். அவள் அப்பா எடுத்து, அவள் பேச மாட்டாள் என்றார். பேச வேண்டாம், நான் முழுசாகச் சொல்லப் போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

டீச்சர் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். எஸ்.ஐ. அம்மா, "நேத்து நடந்ததைச் சொல்லுங்கம்மா" என்றார்.

"மார்ச் மாசத்துல இருந்து சொல்றேன்" என்றேன்.

மாடியில் நடந்துகொண்டு கேட்டதை எல்லாம் சொன்னேன். பாட்டைக் கூட்டி வைத்ததையும், படிக்கட்டு வரை வந்து திரும்பியதையும், பாயசம் சாப்பிடும்போது நான் அவனிடம் சொன்னதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் நடுநடுவே பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். வலிக்குதா கண்ணு, நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"இல்லீங்க, சொல்லுங்க" என்று அடுத்த தாளை எடுத்தாள்.